வேலையை ஆராய்வதா, வேலையாளை ஆராய்வதா?

2023 அக்டோபரில் மெல்போர்ன் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒரு விசித்திரமான குற்றவாளிக்குத் தண்டனை விதித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து நீதிமன்றங்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ‘கோர்ட் சர்வீசஸ் விக்டோரியா’தான் அந்தக் குற்றவாளி. கட்டடம், கணினி, எழுத்தர், பதிவேடு என்று தீர்ப்பு எழுதுவதைத் தவிர மற்றதெல்லாம் அதன் பொறுப்பு. குற்றச்சாட்டை அது மறுக்கவில்லை. அபராதம் 3,79,157 ஆஸ்திரேலிய டாலர். அதற்கு மேல் வழக்குச் செலவு 13,863 டாலர்.

கூரை இடிந்து யார் தலையிலும் விழவில்லை. மின்கசிவோ தீ விபத்தோ இல்லை. 2015 டிசம்பர் முதல் 2018 செப்டம்பர் வரை அந்த மாநிலத்தின் கொரோனர் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர்களின் மனநலத்துக்கு எங்கிருந்தெல்லாம் கேடு வரக்கூடும் என்று கண்டறிய உருப்படியான நடைமுறை எதையும் அந்த அமைப்பு வைத்திருக்கவில்லை. உருப்படியான ஆபத்து மதிப்பீட்டையும் செய்யவில்லை. அது தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட குற்றம் இது.

கொரோனர் நீதிமன்றம் என்பது திடீர் மரணங்களையும் சந்தேகத்துக்குரிய மரணங்களையும் விசாரிக்கும் இடம். விபத்தில் போனவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள், கொலையுண்டவர்கள், காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகள் என்று கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். பிணப் பரிசோதனை அறிக்கையை எழுத்தர் படித்தாக வேண்டும். போலீஸ் புகைப்படங்களை வரிசைப்படுத்தியாக வேண்டும். இறந்தவரின் வீட்டார் தொலைபேசியில் அழும்போது யாராவது பதில் சொல்லியாக வேண்டும். வேலையே அதுதான். அந்தச் சுமையோடு வேறு பாரமும் அங்கே சேர்ந்திருந்தது: மலைபோல் குவியும் வேலை, யாருக்கு என்ன பொறுப்பு என்பதில் மோதல், உறவுச் சீர்கேடு. கொடுமைப்படுத்துகிறார்கள், வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள், வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள், மிரட்டுகிறார்கள், சொந்த வாழ்க்கையில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று ஊழியர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். பலர் விடுப்பில் போனார்கள். சிலர் வேலையையே விட்டார்கள். 2018 செப்டம்பரில், கடும் மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டிருந்த, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் வழக்கறிஞர் தற்கொலை செய்துகொண்டார்.

அந்த மரணத்துக்கு அலுவலகம்தான் காரணம் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. விக்டோரியாவின் 2004-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊழியரை ஆபத்துக்கு ஆளாக்குவதே குற்றம். பல்சக்கரத்துக்கு மூடி போடாத ஆலை, இன்னும் ஒருவர் விரலும் போகாவிட்டாலும் குற்றவாளிதான், அந்த மாதிரி. உடல்நலம் என்று சொல்லும் இடத்தில் மனநலமும் அடங்கும் என்று அதே சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘யாருக்கு என்ன ஆனது’ என்பதல்ல. ‘பார்த்தாயா’ என்பதுதான். பார்க்கவில்லை. அதற்கு அபராதம்.

இந்தக் கேள்விக்கு வந்து சேர உலகத்துச் சட்டங்களுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. வந்த பாதையும் நேரானதல்ல.

முதலில் இருந்தது நஷ்டஈட்டுப் பாதை. மனிதர் உடைந்த பிறகு வழக்குப் போடுவது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து மாவட்ட ஆட்சி மன்றத்தில் சமூகப் பணி அதிகாரியாக இருந்தவரின் வழக்கு இதில் முன்னோடி. குழந்தைகள் வதைக்கப்படும் புகார்களைக் கையாள்வது அவருடைய வேலையின் ஒரு பகுதி. புகார்கள் பெருகின, ஆட்கள் பெருகவில்லை. 1986 நவம்பரில் அவருக்கு மனம் நிலைகுலைந்தது. தேறி, அடுத்த மார்ச்சில் திரும்பினார். உதவிக்கு ஆள் தருவதாகச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தந்த ஆளை ஒரு மாதத்துக்குள் வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அவர் இல்லாத நாட்களில் தேங்கிய கோப்புகள் அப்படியே மேசையில் காத்திருந்தன. செப்டம்பரில் மறுபடியும் விழுந்தார், பிறகு எழவில்லை. 1994-இல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, அன்றைக்குப் பெரிய செய்தி: முதல் வீழ்ச்சியை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது, இரண்டாவதை அறிந்திருக்க வேண்டும், ஆகவே இரண்டாவதற்கு ஆட்சி மன்றம் பொறுப்பு.

இதன் உட்பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் திக்கென்கிறது. சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க ஒருவர் ஏற்கெனவே ஒருமுறை உடைந்திருக்க வேண்டும்.

2002-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, பணி அழுத்த வழக்குகளுக்கென்று பதினாறு நெறிகளை வகுத்தது. தீர்ப்பை வாசித்தவர் பிற்பாடு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் தலைவராக உயர்ந்த பிரெண்டா ஹேல். அந்தப் பதினாறில் இரண்டு, அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்கு நிர்வாகங்களுக்குக் கேடயமாக நின்றன. எந்தத் தொழிலும் தன்னளவில் மனநலத்துக்கு ஆபத்தானதென்று கருதக் கூடாது என்பது ஒன்று. ரகசியம் காக்கும் மனநல ஆலோசனைச் சேவையை ஏற்பாடு செய்திருக்கும் நிறுவனம் கடமை தவறியதாகச் சொல்லப்படுவது அரிது என்பது மற்றொன்று. ஒரு தொலைபேசி எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நிர்வாகங்கள் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. ஆலோசனைச் சேவை சர்வரோக நிவாரணி ஆகாது என்று 2007-இல் அதே நீதிமன்றம் இன்டெல் நிறுவனத்தின் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் நெறியைத் தலைகீழாக்கியது மறுபடியும் மெல்போர்ன்தான். அங்கே அரசு வழக்குத் தொடுநர் அலுவலகத்தில் பாலியல் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. 2009-இல் அதில் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர், சிறு குழந்தைகளின் வாக்குமூலங்களையும் அருவருப்பான படங்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து மனக்காய நோய்க்கு ஆளானார். இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. இப்படிப்பட்ட வேலையால் மனம் காயப்படும் என்பதைக் குறித்தே அந்த அலுவலகம் ஒரு கொள்கை ஆவணம் வைத்திருந்தது. ஆபத்தும் அதில் இருந்தது, செய்ய வேண்டியதும் இருந்தது. அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. 2011-இல் அந்தப் பிரிவின் ஊழியர்கள் பளு தாங்கவில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்து, விசாரணை நீதிமன்றம் கொடுத்திருந்த 4,35,000 டாலர் நஷ்டஈட்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. இந்த வேலையின் தன்மையிலேயே ஆபத்து இருக்கிறது. ஊழியரிடம் அறிகுறி தென்படும்வரை நிர்வாகம் காத்திருக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. கொள்கை ஆவணமே ‘உனக்குத் தெரியும்’ என்பதற்குச் சாட்சியாகிப் போனது.

நஷ்டஈட்டு வழக்கு எத்தனை ஜெயித்தாலும் பிந்தி வருவதுதான். மற்றொரு பாதை, முன்கூட்டியே பார்க்கச் சொல்லும் பாதை, ஐரோப்பாவில் திறந்தது. 1989 ஜூனில் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த பணிப் பாதுகாப்பு ஆணை, வேலை தொடர்பான எல்லா அம்சங்களிலும் ஊழியரின் பாதுகாப்பும் ஆரோக்கியமும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்றது. ஆபத்துகளை மதிப்பிடச் சொன்னது. வேலையை மனிதனுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும், சலிப்பூட்டும் ஒரே மாதிரி வேலையின் கடுமையைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னது. மன அழுத்தம் என்று பெயர் சொல்லாவிட்டாலும் விஷயம் அதில் இருந்தது. இத்தாலி இந்த ஆணையைத் தன் சட்டமாக்கும்போது கருவிகள், ரசாயனங்கள், பணியிட அமைப்பு என்று மூன்றைப் பெயர் சொல்லி நிறுத்திக்கொண்டது. 2001 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைக் குட்டியது. மூன்றல்ல, எல்லா ஆபத்தும். அதுவும் ஒருமுறை பட்டியல் போட்டு முடிகிற காரியமல்ல, வேலை மாற மாற ஆபத்தும் மாறும் என்றது. ஜெர்மனி 2013-இல் தன் பணிப் பாதுகாப்புச் சட்டத்தில் மதிப்பிட வேண்டியவற்றின் பட்டியலில் வேலையில் வரும் மனச்சுமையை வெளிப்படையாகச் சேர்த்தது. ஸ்வீடனில் வேலைப்பளு, வேலை நேரம், ஒதுக்கி வதைத்தல் மூன்றுக்கும் சேர்த்துத் தனி விதிமுறை 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? இதற்குப் பதில் சொல்லும் ஆய்வு வெகு நாட்களுக்கு முன்பே இருந்தது. லண்டனின் வைட்ஹால் அரசு அலுவலகங்களில் 1985 முதல் ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழு 10,308 ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. மேலதிகாரிகளுக்குத்தான் நெஞ்சடைப்பு வரும் என்பது பொதுஜன நம்பிக்கை. உண்மை நேர்மாறாக இருந்தது. தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாத கீழ்நிலை ஊழியர்களுக்கே இதய நோய் கூடுதலாக வந்தது. வேலை அதிகம் என்பது மட்டும் ஆளைத் தின்பதில்லை. வேலை அதிகமாகவும் அதன்மேல் ஊழியருக்குள்ள பிடி குறைவாகவும் இருப்பதுதான் தின்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதியிருந்தார்.

இந்த அறிவை அன்றாட உபயோகத்துக்குக் கொண்டுவந்தது பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு ஆணையம். 2003-இல் வெஸ்ட் டோர்செட் பொது மருத்துவமனைகளின் நிர்வாகத்துக்கு, ஊழியர்களின் மன அழுத்த ஆபத்தை மதிப்பிடச் சொல்லி அது சட்டப்படி அறிவிப்பு அனுப்பியது. கழிவுநீரும் தீயணைப்பானும் பார்த்துப் பழகிய ஆய்வாளர்கள் அழுத்தத்துக்காக அறிவிப்பு அனுப்பியது அன்று செய்தியானது. அடுத்த ஆண்டு ஆறு தலைப்புகளைக் கொண்ட அளவுகோல் ஒன்றை ஆணையம் வெளியிட்டது: வேலைப்பளு, பிடி, ஆதரவு, உறவுகள், பொறுப்புத் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். கூடவே முப்பத்தைந்து கேள்விகள். ‘இடைவேளை எப்போது எடுப்பது என்று நானே முடிவு செய்ய முடிகிறதா’, ‘முடிக்கவே முடியாத கெடு வைக்கிறார்களா’ என்ற ரகம். ‘இரவில் தூக்கம் வருகிறதா’, ‘அழத் தோன்றுகிறதா’ என்று ஒரு கேள்விகூட அதில் கிடையாது. எல்லாம் வேலையைப் பற்றியவை.

நிர்வாகங்கள் வழுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். சட்டம் வேலையை ஆராயச் சொல்கிறது; அலுவலகம் வேலையாளை ஆராயக் கிளம்பிவிடுகிறது. மூச்சுப் பயிற்சி வகுப்பு, தியானச் செயலி, மன உறுதிப் பயிலரங்கு, வெள்ளிக்கிழமை மாலை யோகா. எதுவும் கெடுதல் அல்ல. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் மேசைக்கு அவை எதுவும் இரண்டாவது ஆளைக் கொண்டுவந்து உட்காரவைப்பதில்லை, அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 233 பிரிட்டிஷ் நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பற்றிய தரவை அலசினார். இத்தகைய தனிநபர் பயிற்சிகளில் கலந்துகொண்டவர்களின் நலம், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலாக இல்லை. தொண்டுப் பணி வாய்ப்பு கொடுத்தது மட்டும் விதிவிலக்கு. ஒரே காலப்புள்ளியில் எடுத்த தரவு என்பதால் இதைக் கடைசி வார்த்தையாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் இந்தப் பயிற்சிகளுக்குச் செலவழிக்கும் நிர்வாகங்கள் பதில் சொல்ல வேண்டிய தரவு இது.

வேலையாளை ஆராயும் வழியை முறையாகச் சட்டமாக்கிப் பார்த்த நாடு ஜப்பான். அதிக வேலையால் வரும் மரணத்துக்கு ‘கரோஷி’ என்று தனிப் பெயரே வழங்கும் நாடு அது. டென்ட்ஸு என்ற மாபெரும் விளம்பர நிறுவனத்தில் 24 வயது இளைஞர் ஒருவர் 1991-இல் தற்கொலை செய்துகொண்டார். ஓய்வில்லாத வேலைக்கு நிறுவனம் பொறுப்பு என்று 2000-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 டிசம்பர் 1 முதல் ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள பணியிடங்கள் ஆண்டுக்கொரு முறை ஊழியர்களுக்கு அழுத்தச் சோதனை நடத்த வேண்டும் என்பது சட்டமானது. பெரும்பாலும் 57 கேள்விகள் கொண்ட படிவம். முடிவு நேராக ஊழியர் கைக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளி பார்க்க முடியாது. அழுத்தம் அதிகமென்று வந்தால் மருத்துவரைச் சந்திக்கக் கேட்கலாம். அந்தரங்கம் காக்கும் ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரைச் சந்திக்க வேண்டுமென்று நிறுவனத்திடம்தானே விண்ணப்பிக்க வேண்டும்? அந்த விண்ணப்பமே ‘எனக்குத் தாங்கவில்லை’ என்று அறிவிப்பதற்குச் சமம். பிரிவுவாரியாக முடிவுகளைத் தொகுத்து எந்தத் துறையில் வேலை ஆளைக் கொல்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான மதிப்பீடு. சட்டம் அதைக் கட்டாயமாக்காமல் ‘முயல வேண்டும்’ என்ற அளவில் விட்டுவிட்டது.

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதம், 25-ஆம் தேதி, அதே டென்ட்ஸுவில் 24 வயதுப் பெண் ஊழியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். நோயின் அறிகுறி தோன்றுமுன் ஒரே மாதத்தில் அவர் சுமார் 105 மணி நேரம் கூடுதலாக வேலை செய்திருந்தார் என்று தொழிலாளர் அலுவலகம் கண்டது; அது வேலையால் நேர்ந்த மரணம் என்று 2016-இல் அங்கீகரித்தது. நிறுவனம் இரவு பத்து மணிக்கு அலுவலக விளக்குகளை அணைக்க ஆரம்பித்தது. 2017 அக்டோபரில் நீதிமன்றம் விதித்த அபராதம் ஐந்து லட்சம் யென். அந்த நிறுவனத்துக்கு அது சில்லறை. ஆனால் அதன் பிறகுதான் ஜப்பான் வேலையின் பக்கம் திரும்பியது: கூடுதல் நேரத்துக்கு ஆண்டுக்கு 720 மணி நேரம், எந்த ஒரு மாதமும் 100 மணி நேரத்துக்குள் என்ற உச்சவரம்பு 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களுக்கு வந்தது.

பிரான்ஸ் டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கதை வேறு வகை. அங்கே ஆபத்து யார் கவனத்துக்கும் வராமல் போனதல்ல, திட்டமாகவே வகுக்கப்பட்டது. 2006-இல் மூன்றாண்டில் 22,000 பேரை வெளியேற்றுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. ஊழியர்களில் பெரும்பகுதியினருக்கு அரசு ஊழியர் அந்தஸ்து; நினைத்தபடி நீக்க முடியாது. தாங்களாகப் போகும்படி செய்ய வேண்டும். கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ போவார்கள் என்று தலைவர் டிடியே லொம்பார் மேலாளர்கள் கூட்டத்தில் சொன்னது பிறகு நீதிமன்றம்வரை வந்தது. இடமாற்றங்கள், வேலையைப் பிடுங்குதல், ராஜிநாமாக் கணக்கைக் காட்டினால் மேலாளருக்கு ஊக்கத்தொகை என்று திட்டம் நடந்தது. நிர்வாகம் செய்ய வேண்டிய மதிப்பீட்டைத் தொழிற்சங்கங்கள்தான் செய்தன: 2007-இல் இரண்டு சங்கங்கள் சேர்ந்து அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றத்தையும் கண்காணிக்கத் தனி அமைப்பைத் தொடங்கி ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தன. தொழிலாளர் ஆய்வாளர் ஒருவரின் அறிக்கை 2010-இல் அரசு வழக்கறிஞரிடம் போனது. நீதிமன்றம் ஆராய்ந்தது 39 பேரின் நிலையை. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள்.

2019 டிசம்பரில் லொம்பாருக்கு ஓராண்டுச் சிறை. அதில் எட்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதம். 2022-இல் மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை முழுவதும் நிறுத்திவைப்பாக மாறியது. 2025 ஜனவரி 21-இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. மேலாளர் ஒருவர் ஊழியர் ஒருவரைக் கொடுமைப்படுத்துவது மட்டுமே குற்றம் என்ற பழைய எல்லையைத் தாண்டி, நிறுவனத்தின் கொள்கையே கொடுமையாக இருக்கலாம் என்பது இத்தீர்ப்பால் நிலைத்தது. தண்டனை சின்னது. குற்றத்தின் விரிவு பெரியது.

மெல்போர்னுக்குத் திரும்பினால், அங்கே 2025 டிசம்பர் 1 முதல் மனநல ஆபத்துகளுக்கென்றே தனி விதிமுறைகள் நடைமுறையில் உள்ளன. கொடுமைப்படுத்தல், பாலியல் தொல்லை, கோரக் காட்சிகளுக்கு ஆளாதல், அதிக வேலை, பிடியின்மை, தெளிவில்லாத பொறுப்பு எல்லாம் அதில் பேசப்படுகின்றன. வேலை மிகக் குறைவாக இருப்பதும்கூட ஆபத்து என்கிறது விதி. வேலையில்லாமல் ஒரு மூலையில் உட்காரவைக்கப்பட்டவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆபத்தைக் கண்டறிந்த பிறகு முடிந்தவரை அதை அகற்ற வேண்டும். முடியாதபோது நிர்வாக முறை, வேலையின் வடிவமைப்பு, பணிச்சூழல் இவற்றை மாற்றிக் குறைக்க வேண்டும். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, ஆலோசனைச் சேவை குறித்து ஹேல் வகுத்த நெறியின் காலம் முடிந்தது என்று காட்டுகிற நிபந்தனை. தகவல் சொல்வதும் பயிற்சி கொடுப்பதும் நடவடிக்கைகளில் ஒன்றாக இருக்கலாம், மற்ற வழிகள் சாத்தியப்படும்போது அவையே பிரதான நடவடிக்கையாக இருக்க முடியாது. யோகா வகுப்பைக் காட்டித் தப்பிக்கும் கதவு மூடப்பட்டுவிட்டது.

வேறொரு கதவு திறந்தே இருக்கிறது. 2022-இல் வெளியிட்ட வரைவில், குறிப்பிட்ட ஆபத்துகளுக்கு நிறுவனங்கள் எழுத்தில் தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஐம்பது பேருக்கு மேல் உள்ளவை தங்களுக்கு வந்த புகார்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. இறுதி விதிமுறையில் இரண்டும் காணாமல் போயின. கொரோனர் நீதிமன்றத்து ஊழியர்கள் அந்த மூன்றாண்டில் கொடுத்த புகார்கள் போன்றவை இன்று எழுந்தாலும், நிறுவனமே சொன்னால் ஒழிய அல்லது ஊழியரோ அவர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியோ கொண்டுபோனால் ஒழிய, ஆய்வாளர் மேசைக்குத் தானாக வந்து சேரும் வழியில்லை.